அரை மணித்தியாலம் பிந்திய வீடு

எங்கள் வீட்டில் இரண்டு நேரம் இருந்தது. அரசாங்கம் நாடு முழுவதற்கும் மணிக்கூட்டை முன்னால் தள்ளி வைத்திருந்த காலம் அது. கண்டி டவுனில் கடை, பஸ், ரயில், பள்ளிக்கூடம் எல்லாம் புது நேரத்துக்கு மாறிவிட்டன. அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, மட்டும் மாறவில்லை. பஞ்சாங்கம் பழைய நேரத்துக்குத்தானே எழுதியிருக்கிறது, ராகுகாலம் என்ன அமைச்சரைக் கேட்டா வருகிறது என்பார். "மணிக்கூட்டத் திருப்பலாம், சூரியனத் திருப்ப ஏலுமா?" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார்.

ஆகவே எங்கள் சுவர் மணிக்கூடு ஊரைவிட அரை மணித்தியாலம் பின்னால் ஓடியது. யார் எந்த நேரத்தைச் சொன்னாலும் "பழசா, புதுசா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மற்ற வீடுகளில் புருஷன்தான் பிந்தி வருவான், இந்த வீட்டில் மணிக்கூடே பிந்தித்தான் வருகிறது என்று அம்மா அடுப்படியில் முணுமுணுப்பாள்.

இந்த இரண்டு நேரத்துக்கும் நடுவே போய் வந்துகொண்டிருந்தவள் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை. கடையில் புது நேரம், வீட்டில் பழைய நேரம். வாடகைக்குக் கதைப் புத்தகம் எடுத்து வந்து படிப்பாள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கை வழியே பெரிய ரோட்டுக்கு இறங்குவாள். இறங்கும்போதும் ஏறும்போதும் படித்த கதையைச் சொல்வாள். அந்த நடை எனக்கு டொஃபி வாங்கித் தருவதற்காக என்றே நான் நம்பியிருந்தேன்.

அந்த வருஷம் சொன்ன கதையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கடுகண்ணாவையில் மலையைக் குடைந்து ரோடு போட்டிருக்கிறார்களே, அந்தத் துவாரத்துக்குள் ஒரு பெண் நடந்து போகிறாள். மறுபக்கம் வெளியே வந்தால் நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய காலம். அங்கே ரயில் பாதை அளக்கிற ஒருவன் இருக்கிறான். இரண்டு பேருக்கும் விருப்பம் வந்துவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், இவளுக்கு இங்கே ஒரு நாள் கழிந்தால் அங்கே அவனுக்கு மூன்று வருஷம் போய்விடும். திங்கட்கிழமை மீசை அரும்பியவனாக இருந்தவன், அடுத்த திங்கட்கிழமை காதோரம் நரைத்து நிற்கிறான். ஒரு நாள் தலைவலி என்று படுத்தால்கூட அவன் ஆயுளில் மூன்று வருஷம் போச்சு. அவள் அங்கேயே தங்கிவிட்டால் இங்கே அவளுடைய அம்மா தனி. கொழும்பு பஸ்ஸில் போகும்போது அந்தக் கல் துவாரம் தெரிந்தால் நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். உள்ளே யாரோ காத்திருக்கிறார்கள்.

பெரிய ரோட்டில் ஒரு கொமினிகேஷன் கடை இருந்தது. காசு கொடுத்து வெளிநாட்டுக்குப் பேசலாம், அங்கிருந்து வருகிற அழைப்புக்கும் காத்திருக்கலாம். அத்தை கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வளைகுடாவில் வேலைக்குப் போயிருந்த ஒருவர் பேசுவார். அத்தையோடு அதே புடவைக் கடையில் முன்பு வேலைக்கு நின்றவர். ஒருநாள் என்னிடமும் றிசீவரைக் கொடுத்தாள். அங்கே என்ன நேரம் என்று கேட்டேன். "மூணரை, பாப்பா. இப்பத்தான் சோறு சாப்பிட்டோம். வெயில் மண்டையப் பொளக்குது" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெளியே எங்கள் ரோட்டில் வெளிச்சம் மங்கி, காக்கைகள் மரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. நாங்கள் சாப்பிட்டு முடித்து மறந்துபோன மத்தியானத்தில் ஒருவர் இன்னும் இருந்துகொண்டு என்னோடு பேசுகிறார். இங்கே நாலு மணிக்கு மழை பெய்திருந்தது. பாவம், அவருக்குத் தெரியாதே என்று, "குடை எடுத்துக்கங்க, மழை வரப்போகுது" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் நெடுநேரம் கேட்டது.

பிறகு ஒரு வாரம் அத்தை கதை சொல்லவில்லை. பெரியவர்கள் பேசியதிலும் அத்தை முணுமுணுத்ததிலும் நான் பிடித்துக்கொண்டது இவ்வளவுதான். வளைகுடாவில் இருக்கிற அவரை இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறது அவருடைய கம்பனி. போடாவிட்டால் ஊருக்கு வந்துவிட வேண்டும். வந்தால் இங்கே வேலை இல்லை, கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள் வேறு. வரவா, இருக்கவா, நீ சொல்வதுதான் என்று அத்தையிடமே விட்டுவிட்டார். பதில் கேட்க ஞாயிறு ஆறரைக்கு டெலிபோன் எடுப்பார்.

அதே ஞாயிறு ஆறரைக்குத்தான் பிலிமத்தலாவையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று பெரியப்பாவும் சொன்னார். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஹாட்வெயார் கடை. நல்ல நேரம் பார்த்து வைத்தது பெரியப்பாதான். அம்மா திடுக்கிட்டு அத்தையைப் பார்த்தாள். அத்தை எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பெரியப்பாவின் ஆறரை பழசு, கொமினிகேஷன் கடையின் ஆறரை புதுசு என்று என் காதுக்குள் சொன்னாள். "நடுவுல அரை மணித்தியாலம் இருக்கு. அது யாருக்கும் சொந்தமில்ல. போயிட்டு வந்துருவோம்."

இரண்டு நேரத்துக்கும் நடுவே ஒரு துவாரம். அத்தை அதற்குள் நுழையப்போகிறாள், என்னையும் கூட்டிக்கொண்டு. எனக்குப் பயமும் பெருமையும் ஒன்றாக வந்தன.

அம்மாவின் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலைக்குப் பூ வாங்கி வருகிறேன் என்று அத்தை இறங்கினாள். கூண்டுக்குள் போனாள். நான் வெளியே நின்றேன். வெள்ளை வேன் ஒன்று எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பியது. மடியில் பழத்தட்டோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். யார் வீட்டுக்கோ விசேஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே புழுங்கியதோ என்னவோ, அத்தை கதவைக் கொஞ்சம் திறந்தாள். அவள் பேசியது எனக்குக் கேட்டது.

"கையெழுத்தப் போட்டுருங்க. நான் இங்கதான் இருப்பேன். எங்கயும் போக மாட்டேன்."

பூவை வாங்கிக்கொண்டு ஒழுங்கையில் ஏறினோம். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பெண் கடைசியில் அங்கேயே தங்கினாளா என்று கேட்டேன். அத்தை நின்றாள்.

"அவ அங்க தங்கல. அவன இங்க வரச் சொல்லிட்டா."

அங்கிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் அவன் கிழவனாகிவிடுவானே என்றேன்.

"கிழவனா வந்தாலும் வரட்டும்."

அப்போது அந்த வெள்ளை வேன் மேலிருந்து இறங்கி வந்தது. நாங்கள் வேலியோரம் ஒதுங்கினோம். பழத்தட்டு அம்மா கடுகடுவென்ற முகத்தோடு அத்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டில் நடந்ததை எங்கள் அம்மா பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மாப்பிள்ளை வீட்டார் புது நேர ஆறரைக்கே வந்துவிட்டார்கள். பெண் அறையில் இருக்கிறாள் என்று நம்பிய பெரியப்பா, நல்ல நேரம் பிறக்காமல் கூப்பிட மாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். தேத்தண்ணி ஆறியது. சூரியனைப் பற்றிய கேள்வியை அவர்களிடமும் கேட்டிருக்கிறார். மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். "பிந்தி ஓடுற வீட்டுல எங்களுக்குச் சம்பந்தம் வேணாங்க."

நாங்கள் படியேறியபோது சுவர் மணிக்கூடு ஆறரைக்கு ஒரு தரம் அடித்தது. பெரியப்பா மணிக்கூட்டைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். அவருடைய நேரத்துக்கு அவள் ஒரு நிமிஷமும் பிந்தவில்லை.

அதன் பிறகும் வரன்கள் வந்தன, போயின. அந்த மூன்று வருஷம் முடியும்போது அரசாங்கமே பழைய நேரத்துக்குத் திரும்பியது. தேர்தலில் வென்றவர் போல ஊரைச் சுற்றி வந்த பெரியப்பா, அந்தச் சந்தோஷத்திலேயே வளைகுடாக்காரரோடு அத்தையின் கல்யாணத்துக்கும் நாள் பார்த்தார்.

வளர்ந்த பிறகு, அத்தை படித்த அந்தப் புத்தகம் என் கைக்குக் கிடைத்தது. இந்தியாவில் அச்சானது. கடுகண்ணாவையும் இல்லை, ரயில் பாதையும் இல்லை. ஒரு பாழுங்கிணறு. கடைசிப் பக்கத்தில் அவன் தனியாகக் கிழவனாகிச் செத்துப்போகிறான். யாரும் யாரையும் வரச் சொல்லவில்லை.

வளைகுடாவிலிருந்து அவர் வந்து இறங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. இப்போது நான் மாமா என்று கூப்பிடுகிறவர்தான். காதோரம் நரைத்திருந்தது. கதையில் வந்தபடியே நடக்கிறது என்று எனக்கு மறுபடி சிலிர்த்தது. இந்தப் பக்கம் நின்ற அத்தை அப்படியே இருந்தாள். தினமும் பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. அவர் வாசலிலேயே, பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி எதைப் பார்க்கிறார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.