ஏட்டையா வண்டியில் சார்ஜ் திருட்டு

தென்காசியில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறேன். பேட்டரி, செல்ஃப் ஸ்டார்ட்டர், ஆல்டர்நேட்டர். வேறு எதுவும் தெரியாது. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. புகார்

மேலகரம் ஏட்டையா போலீஸில் ரிட்டயர் ஆனவர். யூனிஃபார்மைக் கழற்றிவிட்டார். குரலைக் கழற்றவில்லை. என்னிடம் புது பேட்டரி வாங்கித் தன் காரில் போட்டார். கொஞ்ச நாளில் வந்து நின்றார்.

"ஏலே இசக்கி, டூப்ளிகேட்டத் தள்ளிட்டியாலே?"

"கம்பெனி சரக்கு, ஏட்டையா."

"பொறவு ஏன்லே ரெண்டு நாள் நிப்பாட்டுனா செத்துப் போவுது? தெருவே சேந்து தள்ளித்தான் இங்கன வந்தேன். இப்ப நான் வாசலுக்கு வந்தாலே இளவட்டப் பயலுவ பின்வாசல் வழியா ஓடுதானுவ."

மீட்டர் வைத்தேன். வண்டி ஓடும்போது பதினாலு வோல்ட் ஏறியது. சார்ஜிங் சரி. பிறகு சாவியை எடுத்து, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கொடுத்தேன். சும்மா நிற்கும் வண்டி கரண்டைத் தின்கிறதா என்று இப்படித்தான் பார்க்க வேண்டும். தின்னவில்லை. ஃபுல் சார்ஜ் ஏற்றி அனுப்பினேன்.

மறுபடி வந்தார். இந்த முறை வண்டியைக் கடையிலேயே இரண்டு நாள் போட்டு வைத்தேன். ஒரே செல்ஃபில் எடுத்தது. வீட்டுக்குப் போனால் சாகிறது.

"யாரோ ராத்திரில சார்ஜத் திருடுதான்லே" என்றார் ஏட்டையா. "வண்டி பக்கத்துல நாயக் கட்டிப் போட்டேன். அப்பவும் போவுது. நாயும் உடந்தையோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

2. சோதனை

அந்த வெள்ளிக்கிழமை அவர் மகள் கோமதியைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை வீடு அச்சன்புதூர்.

"அவங்க காரு ஏதோ மக்கராம். நானே வந்து கூட்டியாறேன்னு சொல்லிட்டேன். மாப்பிள்ளையோட அம்மா சகுனம் பாக்குத ஆளு. வெளக்கு அணைஞ்சதுன்னு ஒரு சம்பந்தத்தையே வேண்டாம்னவ. அவ ஏறி உக்காந்து வண்டி எடுக்கலன்னா எம்மவ கல்யாணம் அம்புட்டுதாம்லே."

வியாழன் சாயங்காலம் சொல்லாமல் அவர் வீட்டுக்குப் போனேன். வண்டி கேட்டுக்குள் பூட்டி நின்றது. பக்கத்தில் நாய் தூங்கியது. வண்டிக்குள் யாரோ முணுமுணுக்கும் சத்தம். கண்ணாடியில் காதை வைத்தேன். மந்திரம்.

டேஷ்போர்டில் பிள்ளையார். இரண்டு பக்கமும் குண்டு பல்ப். அடியில் மந்திரப் பெட்டி. யாரோ நேராக பேட்டரியிலிருந்து வயர் கொடுத்திருந்தார்கள். ராப்பகலாக ஓடுகிறது.

ஏட்டையாவும் அவர் வீட்டம்மாவும் வெளியே வந்தார்கள்.

"அக்கா, கடைக்கு வரும்போது இது கிடையாதே?"

"ஒர்க்‌ஷாப்புக்கு யாராவது சாமிய அனுப்புவாவளா தம்பி? கிரீஸ் கையும் பீடிப் புகையும். மத்தியானம் மீன் கொழம்பு வேற திம்பிய. வயர் பின்னப் புடுங்கி சாமிய வீட்டுக்குள்ள வச்சிட்டுத்தான் வண்டிய விடுவேன். வந்ததும் மாட்டிருவேன்."

"ஏட்டையா, நாய அவுத்து விடுங்க" என்றேன்.

ராத்திரி மட்டும் அணைத்து வைக்கச் சொன்னேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாமிய இருட்டுல வைக்கச் சொல்லுதியா?"

ஏட்டையா நாயை அவிழ்க்கப் போய்விட்டார். கேஸ் அவர் கையை விட்டுப் போய்விட்டது. உள்ளே இருந்து கோமதிதான் குரல் கொடுத்தாள்.

"எம்மா, பெரிய கோயில்லயே ராத்திரி நடை சாத்துதாங்க. நம்ம பிள்ளையாருக்கு மட்டும் நைட் டூட்டியா?"

அக்கா யோசித்தார். "அப்ப சரி. ஆனா சாவி போட்டதும் எரியணும்."

வயரை இக்னீஷன் லைனுக்கு மாற்றினேன். சாவி போட்டால் எரியும். எடுத்தால் அணையும்.

3. வெள்ளிக்கிழமை

ஏட்டையா என்னையும் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார். காலடியில் இன்னொரு பேட்டரி. "நின்னுச்சுன்னா நீதான் தள்ளணும்" என்றார்.

அச்சன்புதூரில் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் ஏறினார்கள். ஒரே செல்ஃப். வண்டி எடுத்தது. பல்ப் எரிந்தது, மந்திரம் பாடியது. அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மேலகரத்தில் வீட்டு வாசலில் நிறுத்தி ஏட்டையா சாவியை எடுத்தார். பல்ப் அணைந்தது. மந்திரம் பாதியில் நின்றது.

"இதென்ன, வாசல்ல வந்து எறங்குத நேரத்துல வெளக்கு அணையுது?" என்றார் அந்த அம்மா.

இதை நான் யோசிக்கவில்லை. ஏட்டையா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குச் செய்யாத திருட்டையும் ஒத்துக்கொள்ளலாம்.

வாசலில் குங்குமத் தட்டோடு நின்ற அக்கா சொன்னார்: "அணையல மதினி. நடை சாத்தியிருக்கு. நீங்க திரும்பி ஏறுதப்ப தொறக்கும்."

சம்பந்தம் பேசத் தொடங்கும் முன்பே அந்த அம்மாவை மதினி ஆக்கிவிட்டார்.

அந்த அம்மா குனிந்து பிள்ளையாரைப் பார்த்தார். பிறகு மகனிடம் திரும்பினார். "ஏலே, நம்ம கார்லயும் சாமி வெளக்க ராவும் பகலும் எரிய விட்டுருக்கோமே. அதான் எடுக்க மாட்டேங்குதோ?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

எனக்குத் தெரிந்தது இதுதான். பேட்டரியைக் குறை சொல்லும் முன்னால், வண்டி வீட்டில் எப்படி நிற்கிறதோ அப்படியே பார்க்க வேண்டும். கடைக்கு வரும் வண்டி வேறு, வீட்டில் நிற்கும் வண்டி வேறு.

மறுவாரம் மாப்பிள்ளை போன் செய்தார். எப்போது காரைக் கொண்டு வரலாம் என்று கேட்டார்.

"எப்ப வேணா கொண்டு வாங்க. சாமியோட வாங்க. அன்னைக்கு கடையில மீன் கொழம்பு கிடையாது" என்றேன்.