நார்மல் என்று படித்தேன்

அத்தைக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். மேல்மாடியிலிருந்து புடவைக் கட்டோடு இறங்கி வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றுவிடுவாள். கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளை வீட்டில் நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. எதற்கும் செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு வா என்று அப்பா தன் தங்கையை அனுப்பினார். துணைக்கு நான். பத்து வயதுப் பெண் யாருக்கு என்ன துணை என்று எனக்குத் தோன்றவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

அத்தையைப் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தார்கள். பிறகு டாக்டரம்மா அவளை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் ஒரு பாக்கெட் பிஸ்கட்டைத் தீர்த்தேன். அத்தை வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கட்டம் போட்ட ரோஸ் ஈசிஜி காகிதத்தை என் மடியில் வைத்தாள்.

"இன்னா போட்டுகீது, படி பாப்பா."

நான் இங்கிலீஷ் மீடியம். மேலே அச்சடித்திருந்த வரிகளில் எனக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று. அதற்குக் கீழே நீளமாக இரண்டு சொற்கள் இருந்தன, வாயில் நுழையவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம்.

"நார்மல்னு போட்டுகீது அத்த."

காகிதத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். "வூட்லயும் அப்டியே சொல்லு" என்றாள். என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

எல்லோரும் சுற்றி நிற்க, பள்ளி மேடையில் ஒப்பிப்பதுபோலச் சொன்னேன். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த மாதம் திருவிடந்தையில் கல்யாணம் நடந்தது.

மறுவருஷம், ஏழாம் மாதத்தில், அத்தையால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கினாள். சென்னைக்குக் கொண்டு போனார்கள். குழந்தையும் தங்கவில்லை, அவளும் திரும்பவில்லை.

நர்சிங் படிக்கும்போது, பீரோவில் கிடந்த அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்தேன். மங்கிப்போயிருந்தாலும் படிக்க முடிந்தது. நார்மல் என்றிருந்தது இதயத்தில் மின்சாரம் ஓடும் திசைக்கு மட்டும். நான் விட்டுவிட்ட இரண்டு சொற்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கின்றன என்று பொருள். சென்னை டாக்டர்கள் சொன்னபடி, சிறுவயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் அவளுடைய இதய வால்வைச் சுருக்கியிருந்தது. கர்ப்பமாவதற்கு முன் அதை விரித்துவிட்டிருந்தால் இன்னும் பல வருஷம் இருந்திருப்பாள்.

"கொயந்த படிச்சத நம்பிட்டனே" என்று அப்பா இன்றும் தன்னையே நொந்துகொள்வார்.

அந்த டாக்டரம்மா பேசியது நல்ல தமிழ். மூடிய கதவுக்குப் பின்னால் எல்லாவற்றையும் விளக்கித்தான் சொல்லியிருப்பார். கல்யாணம் நின்றுபோகும் என்று பயந்த அத்தைக்கு, அவள் சொல்ல முடியாத பொய்யை, பொய்யென்றே தெரியாமல் சொல்ல ஒருத்தி வேண்டியிருந்தது. நான் நன்றாகப் படித்ததற்குத்தான் தலையைத் தடவினாள் என்று நினைத்துக்கொண்டு, புதுப்பட்டினம் வரும்வரை கடைப் பலகைகளையெல்லாம் அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டே வந்தேன்.