சலவை இயந்திரத்தில் ஒரு குதிரைப்படை

கர்க்லாண்டில் நான் பராமரித்துவந்த போலந்துக்காரருக்கு எண்பத்தாறு வயது. அவருடைய அப்பா குதிரைப்படை வீரர். அந்தப் படைப்பிரிவின் வரலாற்றை எழுதி முடிக்காமல் சாகமாட்டேன் என்று மகனான இவர் அடம்பிடிப்பார். போரில் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு டாங்கிகள்மீது பாய்ந்த மடையர்கள் என்று அந்தப் படையினரை யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். குதிரைகளைக் காட்டுக்குள் விட்டுவிட்டுத் தரையில் படுத்துச் சுட்டவர்கள் அவர்கள் என்பார். ஆதாரமாக இருந்தது அப்பா எழுதிவைத்த ஒரேயொரு கொப்பி. அதில் அவரோடு சவாரி செய்த இருபத்தேழு பேரின் பெயர்கள். பாதிப் பேருக்குக் கல்லறைகூட இல்லையாம்.

ஒரு நாள் காலை, அவர் கழுத்தில் தொங்கிய, உதவிக்கு ஆள் அழைக்கும் அவசரப் பொத்தான் தெரியாமல் அமுங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினார்கள். கண்ணாடி வழியே சீருடையும் சப்பாத்துகளும்தான் தெரிந்தன. மேசையில் துப்பாக்கியோடு குதிரைமேல் இருக்கும் ஆட்களின் படங்கள், பக்கத்தில் பெயர்ப்பட்டியல் இருந்த அந்தக் கொப்பி. நான் யோசிக்கவேயில்லை. எல்லாவற்றையும் வாரி, சலவை இயந்திரத்துக்குள் அழுக்குத் துணிகளுக்கு அடியில் திணித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

வந்தவர்கள், மருத்துவ உதவிக்கும் முதலில் ஓடிவரும் தீயணைப்புப் படையினர். "பொன்ஜூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிச் சிரித்தார்கள், அவருடைய நாடித்துடிப்பைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். ஏதாவது வேலை செய்தால் பயம் தெளியும் என்று வழக்கம்போல் இயந்திரத்தை முடுக்கினேன். உள்ளே திணித்தவை நினைவு வந்து ஓடியபோது அதன் கதவு பூட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எல்லாம் கூழாகிச் சுழன்றது.

ஏன் என்று முதியவர் கேட்டார். குரல் உயரவில்லை, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டை ஆமி சுற்றிவளைத்த அன்று, போராட இயக்கத்துக்குப் போன அண்ணையின் படங்களை அம்மா அடுப்பில் போட்டதைச் சொன்னேன். "ஒண்டும் மிச்சம் விடாதை பிள்ளை, கெதியா எரி" என்று அவசரப்படுத்தி என்னிடமும் ஒரு கட்டுப் படங்களைத் தந்தார். அண்ணை திரும்பி வரவில்லை. அவர் முகம் இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை. இத்தனை வருடம் கழித்து இன்னொருவர் வீட்டிலும் அதையே செய்துவிட்டேனே என்று அழுதேன்.

முதியவர் கண்ணை மூடிக்கொண்டு கொப்பியில் இருந்த பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். எனக்குப் போலிஷ் தெரியாது. காதில் விழுந்தபடி தமிழில் எழுதினேன். பத்தொன்பதாவது பெயரோடு நின்றுவிட்டார். எவ்வளவு நேரம் காத்திருந்தும் அதற்குமேல் வரவில்லை. மிச்ச எட்டுப் பேரையும் தண்ணீரில் கரைத்தவள் நான்தான். அதற்கு மன்னிப்பு இல்லை.

"உன் அண்ணனையும் கீழே எழுது" என்றார்.

பேனையைத் தாளில் வைத்தேன். முதல் எழுத்தை எழுதுமுன் என் கண் தானாகக் கதவுக்குப் போனது.