சிரித்த முகப் பொத்தான்

என் தங்கை குடிநீர் வாரிய அலுவலகத்தில் புகார் வாங்கும் மேசையில் இருந்தாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எங்கள் குடும்பத்தில் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான். அவள் உடுப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் எனக்குப் பொறுக்காது. தினமும் நானே இஸ்திரி போட்டுக் கொடுப்பேன்.

வேலை தற்காலிகம்தான். ஆனால் தண்ணீர் வராத ஆத்திரத்தோடு வருகிறவர்கள்கூட அவளிடம் பேசிவிட்டுத் தணிந்து போவார்கள்.

இரண்டு பேர் மட்டும் புகாரே இல்லாமல் தினமும் வருவார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இன்னொருவர், கண் மங்கியதால் கடையை மூடிவிட்ட தையல்கார அம்மாள்.

"என்ன சார், இன்னிக்கும் குழாய் ஒழுகுதா?" என்பாள் தங்கை.

"குழாய் எப்பவோ சரியாயிடுச்சு பாப்பா. என் வாய்தான் ஒழுகுது. வீட்ல கேக்க ஆளில்ல."

"அதுக்கு எங்ககிட்ட வாஷர் இல்லையே!"

"நாலு தையல் போட்டா நின்னுடும். ஊசி நான் தரேன், நூல் நீ கோத்துக் குடு" என்பார் அம்மாள்.

இதையெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது தங்கை எனக்கு நடித்துக் காட்டுவாள்.

பிறகு மேசைக்கு மேசை ஒரு பெட்டி வந்தது. அதில் சிரித்த முகம் ஒன்று, சுளித்த முகம் ஒன்று. வந்தவர்கள் வேலை முடிந்ததும் ஏதாவது ஒன்றை அழுத்திவிட்டுப் போக வேண்டும். சிரித்த முகம் அதிகம் வாங்குகிறவரை நிரந்தரமாக்குவார்கள் என்று பேச்சு. தங்கை சந்தோஷத்தில் அதை அந்த இருவரிடமும் சொல்லிவிட்டாள்.

அவள் சாப்பிட எழுந்துபோகும் நேரமெல்லாம் டிரைவர் ஹாரன் அடிப்பதுபோலச் சிரித்த முகத்தை அழுத்தினார். அவர் கை ஓய்ந்தால் அம்மாள் தொடர்ந்தார். அவளிடம் மூச்சு விடவில்லை. வேலை நிரந்தரமானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்கள்.

மாதக் கடைசியில் பார்த்தால், அலுவலகத்துக்கு வந்த மொத்தக் கூட்டத்தையும்விட அதிகம் பேர் அவள் மேசையில் சிரித்திருந்தார்கள். அதிகாரி விசாரணைக்குக் கூப்பிட்டார். நானும் கூடப் போய் வாசலில் நின்றேன். விஷயம் தெரிந்து இருவரும் என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

"நாங்கதான் சார் அழுத்தினோம். பாப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது."

"இதை வெச்சு நிரந்தரம் பண்ணுவாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"பாப்பாதான்!" என்றார் டிரைவர், பெருமையாக.

அதிகாரி பேனாவை மூடினார். "போதும். நீங்க போகலாம்."

தங்கைக்கு அன்றோடு வேலை போனது.

"அவங்களத் திட்டாதக்கா. அவங்களுக்கு வேற எங்க போகத் தெரியும்?" என்றாள்.

இப்போது ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறாள். சாப்பிடும்போது பேசுவதில்லை. அவள் உடுப்புக்கு இஸ்திரி வேண்டாம் என்கிறாள். நான் போட்டுத்தான் கொடுக்கிறேன்.

போன வாரம் எங்கள் வீட்டில் தண்ணீர் நின்றுபோய் வாரிய அலுவலகத்துக்குப் போனேன். அதே பெஞ்சில் அதே இருவர். மேசையில் ஒரு புதுப் பெண், டிரைவர் சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா. பாப்பா சௌக்கியமா? ஒரு நாள் இந்தப் பக்கம் வரச் சொல்லேன்" என்றார் அவர்.

அம்மாள் என் கையைப் பிடித்து இழுத்து, குரலைத் தாழ்த்தினார். "இதுவும் தங்கமான பொண்ணு. நீ கவலைப்படாதே, இவளுக்கு நாங்க ஆளுக்கு ஒரு தடவைதான் அழுத்துறோம்."

என் புகாரை எழுதிக்கொண்டு, அந்தப் பெண் பெட்டியை என் பக்கம் திருப்பி வைத்தாள். நான் எதையும் அழுத்தாமல் வெளியே வந்தேன்.