வலக்கைப் பக்கத்து சர்வர்

சூளகிரி நோக்கி நெடுஞ்சாலை ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். நான் விட்டுவந்த மூக்கண்டப்பள்ளியில் ஒரு மனிதர் எனக்காகக் காத்திருந்தார்.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். ஊர் ஊராகச் சுற்றிக் கம்ப்யூட்டர் கற்று, அங்கே தகடு வெட்டும் அச்சுகளான 'டை' செய்யும் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். பழைய சர்வரில் இருந்த டிராயிங்குகளைப் புதியதற்கு மாற்ற வேண்டும். எல்லாம் செல்வராஜ் அண்ணன் எட்டு வருடமாகப் போட்டவை.

"சும்மா காப்பி போடுப்பா. ரெண்டு நாள் ஆனா ஆவட்டும்" என்றார்.

"அது மாட்டு வண்டிங்கண்ணா" என்று சிரித்தேன். இரண்டு சர்வரையும் ஒரே மாதிரி ஆக்கும் இலவச மென்பொருளைத் தேர்ந்தெடுத்தேன்.

"பேக்கப் எடுத்துட்டியா?"

"சிடியில எடுத்தாச்சுங்கண்ணா."

எடுக்கவில்லை.

அந்த மென்பொருள் திரையின் இடப்பக்கம் இருப்பதைப் போலவே வலப்பக்கத்தை மாற்றும். மேசையில் பழைய சர்வர் என் வலக்கைப் பக்கம் இருந்ததால், திரையிலும் வலப்பக்கமே போட்டேன். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. படிக்காமல் 'யெஸ்' அழுத்தினேன். காலியாக இருந்த புதிய சர்வரைப் போலவே பழையதும் காலியானது.

அண்ணன் திட்டவில்லை. "அதான் சிடி இருக்குதே, குடுப்பா" என்று கையை நீட்டினார்.

"ரூம்ல இருக்குதுங்கண்ணா. எடுத்தாரேன்."

கேட்டைத் தாண்டியவன் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. நீட்டிய அந்தக் கைதான் இன்றும் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் காலை, சூளகிரியில் பழுதாகி நின்ற லாரியிலிருந்து தக்காளிக் கூடைகளை வேறு லாரிக்கு மாற்றும் வேலை கிடைத்தது. கடைசிக் கூடை மாறிய பிறகும், ஏதாவது விட்டுப்போயிற்றா என்று பழைய லாரிக்குள் ஏறி ஏறிப் பார்த்தேன்.

"என்னப்பா, உங்க அப்பன் வூட்டுத் தக்காளியா?" என்று டிரைவர் சிரித்தார்.