நாவலில் இல்லாத மல்லாட்டைக் காட்சி

விழுப்புரத்தில் காலைக் காட்சி பார்த்துவிட்டுத் திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன். நாலு முறை படித்த நாவலை இப்படிக் குதறி வைத்திருக்கிறார்களே என்று இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்ததுமே போனில் என் பத்திரிகைக்கு விமர்சனம் எழுத ஆரம்பித்தேன்.

'ஹீரோ ஒருவர்தான் படத்தைத் தாங்குகிறார். ஆனால் நாவலிலேயே இல்லாத அந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் காட்சி எதற்கு?'

பக்கத்து சீட்டில் இருந்த அக்கா என் போனில் படத்தின் போஸ்டரைப் பார்த்துவிட்டார்.

"இந்தப் படம் நானும் பாத்தேங்க. அந்த மல்லாட்டை சீன் ஒண்ணு போதும்."

"ஏங்க்கா?"

"ஹீரோ செடியப் புடுங்கி, மண்ண உதறி, காய் மேல தெரியுற மாதிரி கவுத்து வெச்சிக்கினே போறாரு. காயணும்ல? கூட இருக்கறவங்க பூப்பறிக்கிற மாதிரி பண்ணிக்கினு இருக்காங்க. அவரு ஒருத்தருதான் வேலை செய்றாரு. மத்தவங்கல்லாம் நடிக்கிறாங்க."

நான் எழுதியிருந்த ஆறு பத்தியையும் அழித்தேன்.

"நீங்க என்னா வேலை பண்றீங்க?" என்று கேட்டார்.

விக்கிரவாண்டி தாண்டிவிட்டது. அக்கா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன சொல்லட்டும்? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.