சாமிகள் ஊரில் இருக்கும்போது இடித்த சுவர்

எங்கள் ஊரில் காற்று அடித்தால் சேவல் கூவுவது அதற்கே கேட்காது. அடுத்த ஊர்ச் சேவல்தான் கேட்டுப் பதில் சொல்லும். அந்தக் காற்றைத் தடுக்க, கொரியாவின் தெற்கே கடலில் கிடக்கும் எங்கள் ஜேஜுத் தீவு முழுக்கக் கருங்கல்லில் சுவர் வைத்துவிட்டார்கள். வயலுக்குச் சுவர், கல்லறைக்குச் சுவர், முள்ளங்கிப் பாத்திக்கும் சுவர். எங்கே விழுந்தாலும் கல்லின் மேல்தான் விழவேண்டும். மனிதன் சமாளித்துக்கொள்வான். வலிப்பு வருகிற குதிரை என்ன செய்யும்?

யாங் கிபோமின் வொல்லாவுக்கு வலிப்பு. வெள்ளையும் பழுப்பும் திட்டுத்திட்டாக இருக்கும் பெண்குதிரை. சுற்றுலா வந்தவர்களை முதுகில் ஏற்றிச் சம்பாதித்துக் கொடுத்தவள். இப்போது அவள்மேல் ஒரு கோழிகூட ஏறக்கூடாது என்பது கால்நடை மருத்துவரம்மா சியோவின் உத்தரவு.

காலையும் மாலையும் மாத்திரையைப் பொடித்து, வெல்லப்பாகில் குழைத்து, பார்லிக் கூழில் கலந்து கொடுக்கவேண்டும். ஒரு வேளை தவறினாலும் வலிப்பு முன்னைவிட மோசமாக வரும். கிபோம் கையால் கொடுத்தால்தான் தின்பாள். வேறு யார் கொடுத்தாலும் பாகை மட்டும் நக்கிவிட்டு மாத்திரைப் பொடியைச் சட்டையில் துப்புவாள். அதனால் கிபோம் இரண்டு வருடமாகக் கடல் தாண்டவில்லை. அந்தக் காலத்தில் கூடப் படித்தவர்கள் சேர்ந்து ஊர் சுற்றப் போனார்கள். இவன் துறைமுகம்வரை போய்க் கையசைத்துவிட்டு, மாத்திரை நேரத்துக்குத் திரும்பி வந்தான்.

விற்கவும் வழியில்லை. குதிரைக்கறிக் கடைக்கார இளைஞன் ஒருமுறை வந்து சுற்றிச்சுற்றிப் பார்த்தான்.

"கிபோம் சம்ச்சுன், இது என்னென்ன மாத்திரை தின்னுது?" (ஊரில் மூத்தவர்கள் எல்லாரும் எங்களுக்குச் சம்ச்சுன், அதாவது மாமா.)

கிபோம் சொன்னான்.

"ஐயோ, இத நாலு பேருக்குப் பரிமாறினா நாலு பேரும் மேசையிலயே தூங்கிடுவாங்க. நீங்களே வெச்சுக்கங்க."

பழி வேறு அவன்மேல்தான். இலையுதிர்காலத்தில் ஒருநாள், தொழுவத்துக்குத் தண்ணீர்க் குழாய் விடுவதற்காகச் சுவரில் நாலு கல்லைப் பெயர்த்தான். அடுத்த வாரமே முதல் வலிப்பு. ஜனவரிக் கடைசியில் சின்குகான் வரும். பழைய சாமிகள் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வானத்துக்குப் போவார்கள், புதியவர்கள் வந்துசேர ஒரு வாரம் ஆகும். வீடு மாறுவதும் சுவர் இடிப்பதும் அந்த ஒரு வாரத்தில்தான். மற்ற நாளில் கல்லை அசைத்தால் வீட்டில் ஒரு உயிருக்குக் கேடு என்று பிறந்த குழந்தைக்கும் தெரியும். கிபோமுக்கு மறந்துபோனது.

"சாமி ஊர்ல இருக்கறப்ப கைய வெச்சான். சாமி குதிர மேல கைய வெச்சிருச்சு," என்று அவன் அக்கா ஒக்புன் தெருவெல்லாம் சொன்னாள். தொழுவம் அவள் பெயரில் இருந்தது.

"காரணம் தெரியலம்மா. சில குதிரைக்கு இப்படி வரும்," என்றார் சியோ.

"உங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரியும்."

போன குளிர்காலம், புத்தாண்டு பிறந்த கையோடு, வொல்லா தொழுவத்தில் விழுந்தாள். விழுந்த வேகத்தில் கல்தொட்டியின் விளிம்பு கண்ணுக்கு மேலே பிளந்துவிட்டது. சியோ வந்து தையல் போட்டார். தொட்டியையும் அதன் பின்சுவரையும் ஒருமுறை பார்த்தார்.

"இது ரெண்டையும் இன்னைக்கே எடுத்தாகணும். பின்னாடி இருக்கற வைக்கோல் அறையையும் சேர்த்துட்டா நல்ல அகலம் கிடைக்கும். இதே இடத்துல இன்னொரு தடவ அடிச்சா பொழைக்காது."

சின்குகானுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

கிபோம் கடப்பாறையைத் தூக்கினான், இறக்கினான், மறுபடி தூக்கினான். சாமியை அவன் பாதிதான் நம்பினான். அக்காவை முழுக்க நம்பினான். இடித்த மறுநாள் குதிரை செத்தால் சாகும்வரை அதைக் கேட்டாகவேண்டும். இடிக்காமல் செத்தால் அவன் மனசே கேட்கும். குதிரைக்குத் தலையைத் திருப்ப இடமில்லை, இவனுக்கும் இல்லை.

சியோ கையுறையைக் கழற்றினார். "எனக்குச் சொந்த ஊர் தேகு, கடலுக்கு அந்தப் பக்கம். நான் இடிக்கறேன். உங்க சாமிங்களுக்கு என்னைத் தெரியுமா?"

ஒக்புன் யோசித்தாள். நியாயமான கேள்வி.

"இந்தத் தீவுல சொந்தம் யாராவது?"

"ஒருத்தரும் இல்ல."

"கல்யாணம் பண்ணி இங்கயே தங்கற எண்ணம்?"

"உங்க தம்பியப் பாத்தப்பறம் அந்த எண்ணமே போயிடுச்சும்மா."

ஒக்புன் முதல்முறையாகச் சிரித்தாள். "பெருநிலத்துக்காரி கணக்கு பெருநிலத்துச் சாமிக்கிட்ட. சரி, நீங்க இடிங்க. ஆனா இவன் தொடக்கூடாது. கிட்ட நிக்கக்கூடாது. வேல முடியறவரைக்கும் வாயத் தொறந்து ஒரு சொல் சொல்லக்கூடாது. குரல் கேட்டா சாமி இவன் வேலதான்னு முடிவு பண்ணிரும்."

கிபோம் தலையாட்டினான். மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு (குதிரையை நடத்தும்போதெல்லாம் அதுதான் அவன் தொப்பி) வொல்லாவை நீளக் கயிற்றில் பிடித்து மேய்ச்சல் வெளிக்குக் கூட்டிப்போனான். தினமும் நடக்கிற அதே நடை: வியர்க்காத வேகம், சமமான புல், எந்தச் சுவருக்கும் எட்டாத நடு இடம். ஒக்புன் சுவரோரம் கைகட்டி நின்று இருபுறமும் காவல் காத்தாள்.

தொழுவத்தில் சம்மட்டி விழுந்தது. மூன்றாவது சுற்றில் வொல்லா நின்றாள். உதடு துடித்தது. கண் எங்கேயோ நிலைத்தது. கிபோம் கயிற்றைத் தளர்த்தி, நுனியை மட்டும் பிடித்தபடி விலகினான். அந்த நேரத்தில் தலையைப் பிடிக்கப் போனவனைக் குளம்பு சும்மா விடாது. அவள் புல்லில் சாய்ந்து, காலால் காற்றை உதைத்து, நுரைத்து, பிறகு அடங்கினாள்.

எழுந்தபோது அவளுக்குக் கண் தெரியவில்லை. வலிப்புக்குப் பிறகு கொஞ்ச நேரம் எப்போதும் அப்படித்தான். வழக்கமாக அவன் பேசிக்கொண்டே இருப்பான், அவள் குரலைப் பிடித்து அசையாமல் நிற்பாள். இன்று குரல் இல்லை. காதை அங்கும் இங்கும் திருப்பினாள். பிறகு நடக்கத் தொடங்கினாள், கற்சுவரை நோக்கி. பிறகு ஓட்டம். கயிறு கிபோமின் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு நழுவியது.

அக்காவைப் பார்த்தான். அக்காவும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வொல்லா, இங்க. இங்கதான் இருக்கேன். நில்லுடி. ஒண்ணுமில்ல. நான்தான்."

பேச்சை அவன் நிறுத்தவில்லை. கூழில் என்ன போட்டேன், நேற்று யார் வந்தார்கள், அக்கா சமைத்த மீன்குழம்பில் உப்பு எவ்வளவு கூட என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னான். ஓட்டம் நடையானது. சுவருக்கு ஓர் ஆள் தூரத்தில் வொல்லா நின்று, குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

சம்மட்டிச் சத்தம் இன்னும் ஓயவில்லை. கிபோம் குதிரையின் கழுத்தில் கையை வைத்தபடி அக்காவின் தீர்ப்புக்குக் காத்திருந்தான். ஒக்புன் தலைத்துணியைக் காதுக்குமேல் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"என்ன காத்துடா இது. ஒரு எழவும் காதுல விழல," என்றாள். கொஞ்சம் கழித்து, "மீன்குழம்புல உப்பு சரியாத்தான் இருந்துச்சு."

சாயங்காலம் சியோ அகலமான தொழுவத்தில் வைக்கோலைத் தடிமனாகப் பரப்பிவிட்டு, கொப்புளம் வந்த கையை வாளித் தண்ணீரில் நனைத்தபடி சொன்னார்: "இனி விழுந்தாலும் மோதறதுக்கு ஒண்ணுமில்ல. மாத்திர ஒழுங்கா போனா, நடையும் இப்படியே நடந்தா, இன்னும் பதினஞ்சு வருஷம் இருப்பா."

கிபோமுக்கு அப்போது ஐம்பத்தெட்டு. பதினைந்தைக் கூட்டிப் பார்த்தான் என்பது அவன் உதட்டிலேயே தெரிந்தது.

"பதினஞ்சா?" என்றான்.

"ஏன், கொறச்சலா இருக்கா?"

"இல்ல." அவன் தொழுவத்துக்குள் எட்டிப் பார்த்தான். வொல்லா அவன் குரல் வந்த பக்கம் காதைத் திருப்பினாள். "இல்ல டாக்டர். சும்மா கேட்டேன்."